உஷார்! காய்ச்சலோடு எல்லை தாண்டாதீர்கள்

26, 23, 12, 14, 24, 18. இவை வயதுகள். 2018 முதல் கேரளத்தில் நிபா வைரஸ் பிடித்தவர்களில் ஆறு பேருடைய வயது. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கத்தில் முதலில் படுத்தவர் 26 வயது இளைஞர். 2019 ஜூனில் எர்ணாகுளத்தில் நோய் உறுதியானது 23 வயது மாணவருக்கு. 2021 செப்டம்பரில் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன். 2024 ஜூலையில் மலப்புறம் பாண்டிக்காட்டில் 14 வயதுப் பையன். அதே ஆண்டு செப்டம்பரில் மலப்புறத்துக்காரரான 24 வயது மாணவர், பெங்களூருவில் படித்துக்கொண்டிருந்தவர். 2025 ஜூலைத் தொடக்கத்தில் மலப்புறத்தில் 18 வயதுப் பெண். இந்த ஆறு பேரில் பிழைத்தவர் ஒருவர்தான், 2019-ன் அந்த மாணவர்.

இந்த வயதுகளை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெருந்தொற்று என்றால் தாத்தா பாட்டிக்கு வருவது, நமக்கு வந்தால் மூன்று நாள் சளி, அவ்வளவுதான் என்ற நினைப்பைக் கொரோனா நம் பிள்ளைகள் மனதில் விட்டுப்போயிருக்கிறது. ஆபத்தான நினைப்பு அது. 1918-ல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன விஷக்காய்ச்சல் அதிகம் தேடிப்பிடித்தது 20 முதல் 40 வயது வரை இருந்தவர்களைத்தான். நிபாவும் வயது பார்ப்பதில்லை. கொரோனா தாக்கிய நூறு பேரில் பெரும்பாலோர் எழுந்து நடந்தார்கள். நிபா தாக்கியவர்களில் நூற்றுக்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு இன்றுவரை மனிதருக்கான தடுப்பூசி பயன்பாட்டுக்கு வரவில்லை.

மலப்புறம், கோழிக்கோடு எல்லாம் தூரத்து ஊர், நமக்கென்ன என்று பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் நினைக்கலாம். 2025 ஜூலையில் அந்தத் தூரம் இல்லாமல் போயிற்று. பாலக்காடு மாவட்டம் தச்சநாட்டுகரையில் 38 வயதுப் பெண்ணுக்கு நிபா உறுதியானது. அங்கிருந்து மன்னார்க்காடு பக்கம். மன்னார்க்காட்டிலிருந்து மலையேறினால் அட்டப்பாடி, அட்டப்பாடி முடிகிற இடம் ஆனைகட்டி, ஆனைகட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு டவுன் பஸ் போகிற தூரம். காலையில் அந்தப் பக்கம் காய்ச்சலோடு பஸ் ஏறியவர் மதியத்துக்குள் கோவையில் ஏதாவதொரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்திருக்க முடியும்.

இந்த எல்லையை அதிகம் தாண்டுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகள் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் கல்லூரிக்குப் போகிறார்கள். மூணாறு, மறையூர், குமுளிப் பிள்ளைகள் தேனிக்கும் மதுரைக்கும் போகிறார்கள். நர்சிங் படிக்கிற மலையாளப் பிள்ளைகள் தமிழ்நாட்டு விடுதிகளில் இருக்கிறார்கள். விடியற்காலையில் கம்பத்திலும் போடியிலும் தேவாரத்திலும் ஜீப் ஏறி வண்டன்மேடு, பூப்பாறை, உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வருகிறவர்களிலும் இளவட்டம் நிறைய. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் நெருக்கியடித்து வருகிறார்கள் என்பது அந்த மலைப்பாதையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மாநிலங்களையும் தைத்துக்கொண்டிருப்பது 15 முதல் 30 வயது வரையிலான இந்தக் கூட்டம்தான். நோய் வந்தால் அதை அறியாமல் சுமந்துபோகப்போவதும் இவர்கள்தான். தடுத்து நிறுத்த முடிந்தவர்களும் இவர்கள்தான்.

நிபாவை மருந்து கொடுத்து நிறுத்தவில்லை கேரளம். நோயாளி யார் யாருடன் இருந்தார், எந்த ஆஸ்பத்திரியில் எந்த வராந்தாவில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எந்தப் பஸ்ஸில் வந்தார் என்று ஒவ்வொன்றாகக் கோத்து ரூட் மேப் போட்டு, தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கண்காணித்து நிறுத்தியது. உடம்பில் வைரஸ் புகுந்தபின் பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள் அறிகுறி தெரியும். கூடுதல் பாதுகாப்புக்காக 21 நாள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அங்கிருந்து புதிதாக ஒரு ஊர் தொடங்கும். அந்தக் கண்ணி விட்டுப்போக மிகவும் எளிதான இடம் மாநில எல்லை. இந்தப் பக்கத்துச் சுகாதார ஊழியரின் பட்டியலில் இருக்கும் பெயர், வாளையார் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அந்தப் பக்கத்து ஊழியருக்குப் புதுப் பெயர்.

2019-ன் அந்த 23 வயது மாணவர் படித்தது எங்கே தெரியுமா? இடுக்கி மாவட்டம் தொடுபுழாவில். வீடு எர்ணாகுளம் பக்கம், படிப்பு தொடுபுழா, பயிற்சிக்காகப் போனது திருச்சூர். ஒரே மாணவருக்காக மூன்று மாவட்டத்துச் சுகாதாரத் துறையும் வகுப்புத் தோழர்களைத் தேட வேண்டியிருந்தது. ஒரே மாநிலத்துக்குள் இருந்ததால் வேலை வேகமாக நடந்தது. அவரும் பிழைத்தார், அடுத்தவருக்கும் பரவவில்லை. 2024 செப்டம்பரில் அப்படி முடியவில்லை. அந்த 24 வயது மாணவர் ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். நிபா என்று உறுதியானது அதற்குப் பிறகுதான். அதற்குள் துக்கத்துக்கு வந்துபோன நண்பர்கள் பெங்களூரு திரும்பியிருந்தார்கள். கர்நாடகச் சுகாதாரத் துறை அவர்களைத் தேடிப்பிடித்துத் தனியே இருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. யாருக்கும் நோய் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் அந்தப் பிள்ளைகளும் பெற்றவர்களும் எப்படி இருந்திருப்பார்கள்! நண்பன் செத்துவிட்டான், அடுத்தது நாமா என்று ஒவ்வொரு இருமலுக்கும் நடுங்கியிருப்பார்கள்.

இப்போது 2018-க்குத் திரும்பிப் போக வேண்டும், ஏனென்றால் அந்த ஆண்டைப் பற்றி இன்றைய பிளஸ் டூ மாணவருக்கு எதுவும் நினைவிருக்காது. முதலில் இறந்த இளைஞருக்கு என்ன நோய் என்றே யாருக்கும் தெரியவில்லை. அவர் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் கிடந்தார், பிறகு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றினார்கள். ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த வராந்தாவில் அவர் இருமியபோது பக்கத்தில் நின்றவர்கள், வேறு நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள், பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் இவர்களுக்குத்தான் நோய் ஒட்டியது. அவர் இறந்து இரண்டு வாரம் கழித்து, அதே வீட்டில் அடுத்தவர் படுத்த பிறகுதான் நிபா என்ற பெயரே வெளியில் வந்தது. 17 பேர் இறந்தார்கள். இரண்டே பேர் பிழைத்தார்கள். அதில் ஒருவர் நர்சிங் மாணவி. அந்த இளைஞரைக் கவனித்துக்கொண்ட பேராம்பிரா ஆஸ்பத்திரிச் செவிலியர் லினி புதுசேரி, இரண்டு சிறு குழந்தைகளின் தாய், மே 21 அன்று இறந்தார்.

நர்சிங் படிக்கிற தங்கைகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். வார்டில் பயிற்சிக்கு நிற்கும்போது, காரணம் தெரியாத கடும் காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, அசாத்திய தூக்கக் கலக்கம், குழறல், மூச்சுத் திணறல் என்று யாராவது வந்தால் என்-95 மாஸ்க் இல்லாமல் அருகே போகாதீர்கள். மாஸ்க் கேட்டால் சீனியர் கோபிப்பாரே என்று தயங்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா உறுதியான ஆறு பேரில் ஒருவர் 24 வயதுச் சுகாதார ஊழியர். அந்த முறையும் ஆகஸ்ட் 30-ல் இறந்த முதல் மனிதரை யாரும் சந்தேகிக்கவில்லை. அடுத்த சாவு வந்த பிறகுதான் கணக்கு பின்னோக்கிப் போனது.

மற்ற இளைஞர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும் வழக்கத்தை நிபா காலத்தில் விட்டே ஆக வேண்டும். நம் ஊரில் ஒருவர் படுத்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நாலு பேர் போய்க் கட்டில் விளிம்பில் உட்காராவிட்டால் உறவு கெட்டுப்போகும். அந்தப் பாசத்தின் வழியாகத்தான் 2018-ல் நோய் பரவியது. போனில் பேசுங்கள். பணம் அனுப்புங்கள். வெளியில் நின்று சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். கட்டில் அருகே வேண்டாம்.

கொரோனாவில் எல்லை எப்படி உடைந்தது என்பதை வாளையாரும் தேனி மலையும் நன்றாகவே காட்டின. 2020 மே மாதம் வெளி மாநிலத்தில் இருந்தவர்கள் திரும்பிவர வாளையார், குமுளி உட்பட ஆறு சோதனைச் சாவடிகளைத்தான் கேரளம் திறந்துவைத்தது. பாஸ் கிடைக்காமல் வாளையாரில் வெயிலில் குவிந்து கிடந்தவர்களில் நிறையப் பேர் மாணவர்கள், சென்னையில் வேலை போன இளைஞர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குப் பிறகு கொரோனா உறுதியானது. அங்கே போய் நின்ற மூன்று எம்.பி.க்களையும் இரண்டு எம்.எல்.ஏ.க்களையும் 14 நாள் தனியே இருக்கச் சொன்னார்கள். சாவடியில் நிறுத்தப்பட்டவர்களையாவது கணக்கெடுக்க முடிந்தது. தேனிப் பக்கமிருந்து காட்டுப்பாதையில் மலையேறி வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. வேலை வேண்டும், வயிறு இருக்கிறது, அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலிக்காக எல்லை தாண்டியே ஆக வேண்டிய மக்களுக்குப் பாஸ் என்ற ஒன்றை மட்டும் காட்டிவிட்டு இரண்டு அரசுகளும் கதவைச் சாத்தின. அப்படிச் சாத்தினால் மக்கள் காட்டு வழியில்தான் வருவார்கள். அடுத்த முறை இப்படி ஒரு நோய் வந்தால் சாவடியிலேயே பரிசோதனை, சாவடியிலேயே பதிவு, அன்றைய கூலிக்கு ஒரு ஏற்பாடு என்று தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் இப்போதே உட்கார்ந்து பேசி வைத்திருக்க வேண்டும்.

எல்லையைச் சரியாகக் காத்தவர்களும் இதே இடுக்கியில்தான் இருக்கிறார்கள். இடமலைக்குடி, முதுவான் பழங்குடியினரின் ஊர். 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக ஆனது. மூணாறு தாண்டிப் பெட்டிமுடி வழியாகக் காட்டுக்குள் போக வேண்டும். கொரோனா தொடங்கியதுமே ஊர்க்கூட்டம் கூடி முடிவெடுத்தார்கள்: வெளியாள் உள்ளே வரக்கூடாது, நம் ஆளும் அவசியமில்லாமல் வெளியே போகக்கூடாது, சாமான் வாங்கப் போனவர் திரும்பிவந்தால் தனியே இருக்க வேண்டும். எந்த அரசாணையும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நாடு முழுக்க இரண்டு அலை அடித்து ஓய்ந்த பிறகும் அங்கே ஒரு தொற்றுகூட இல்லை. 2021 ஜூலையில்தான் முதன்முதலாக இரண்டு பேருக்கு உறுதியானது. அதற்குச் சில நாட்கள் முன்பு வெளியிலிருந்து போன ஒரு குழுவில் யூடியூபர் ஒருவரும் இருந்தார் என்பது பெரிய சர்ச்சையானது. அந்த வருகையால்தான் நோய் வந்தது என்று நிரூபணமாகவில்லை. அதனால் யார் தலையிலும் பழி போட நான் தயாரில்லை. ஆனால் ஒன்றரை வருடமாக ஒரு சமூகம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்த வேலியை, வீடியோ எடுக்கிற ஆசையில் யாரும் தாண்டலாமா? கேமராவும் பைக்கும் வைத்திருக்கிற ஒவ்வொரு இளைஞரும் இந்தக் கேள்விக்கு மனசாட்சியோடு பதில் சொல்ல வேண்டும்.

செய்தி விஷயத்துக்கு வருகிறேன். மூணாறு, தேவிகுளம், பீருமேடு எஸ்டேட் லயங்களில் பெரியவர்கள் பார்ப்பது சென்னை டி.வி. அதில் கேரளத்தின் ரூட் மேப் வராது. பஞ்சாயத்து ஒட்டுகிற நோட்டீஸ் பெரும்பாலும் மலையாளத்தில். வீட்டில் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான். ஆகவே எஸ்டேட் குடும்பத்தில் பதினைந்து வயதுப் பிள்ளைதான் சுகாதாரத் துறையின் வாய். அந்தப் பிள்ளை வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் என்ன ஆகும்? 2018-ல் கோழிக்கறியில் நிபா பரவுகிறது என்று அரசு அறிவிப்பு மாதிரியே ஒரு பொய் சுற்றியது. வைத்தியர் ஒருவர், நிபாவைப் பரப்பும் வவ்வால் கடித்தவை என்று சொல்லிப் பழங்களைக் கேமரா முன் தின்று காட்டினார். அவர் மீது பாலக்காடு மாவட்டத்துத் திருத்தாலா போலீஸ் வழக்குப் பதிந்தது. அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் பிறகு அதை அழித்திருப்பார்கள்? சந்தேகம் வந்தால் கேரளத்தில் திசா உதவி எண் 1056 அல்லது 104, தமிழ்நாட்டில் 104. கேட்டுவிட்டு லயத்தில் சொல்லுங்கள்.

பழத்தையும் கள்ளையும் பற்றிப் பேசாமல் பாலக்காட்டு ஆட்களுக்கு எச்சரிக்கை சொல்ல முடியாது. நிபா வைரஸின் இயற்கை வீடு பழந்தின்னி வவ்வால். அது நோயால் சாவதில்லை; எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸை விடுகிறது. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் பல மாநிலங்களில் வவ்வால்களைச் சோதித்ததில் கேரளத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும்கூட நிபாவுக்கான தடயம் கிடைத்தது. அதனால் இது மலையாளிகள் கொண்டுவரும் நோய் என்று கோவையில் யாராவது பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். முதலமடை மாந்தோப்பிலும், காந்தலூர்ப் பழத்தோட்டத்திலும், வீட்டுக் கொய்யாவிலும் பாதி கடித்து விழுந்து கிடக்கும் பழத்தை எடுத்துச் சாப்பிடவே கூடாது. கடித்த பகுதியை வெட்டிவிட்டு மீதியைத் தின்னும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதுவும் வேண்டாம். நல்ல பழத்தையும் கழுவி, தோல் சீவித் தின்னுங்கள். 2024-ல் இறந்த பாண்டிக்காட்டுப் பையன் காட்டு அம்பழங்காய் தின்றதாகச் சொல்லப்பட்டது. சித்தூர் பக்கம் தென்னங்கள் இறக்கும் ஊர். கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு இங்கிருந்துதான் கள் போகிறது. பங்களாதேஷில் நிபா மனிதனுக்கு வருவது பெரும்பாலும் வவ்வால் வாய்வைத்த ஈச்சம் பதநீரைக் காய்ச்சாமல் குடிப்பதால் என்று ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. கேரளத்தில் கள் வழியாக வந்ததாக நிரூபணம் இல்லை. ஆனாலும் மூடாமல் இரவெல்லாம் மரத்தில் தொங்கிய கலயத்திலிருந்து நேராக வாங்கிக் குடிக்கும் விளையாட்டை மே முதல் செப்டம்பர் வரையாவது விட்டுவிடுங்கள். கேரளத்தில் நிபா வந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

பயந்துபோய் வவ்வால் அடையும் மரத்தை வெட்டவோ, பட்டாசு கொளுத்தி விரட்டவோ கிளம்பாதீர்கள். விரட்டப்பட்ட வவ்வால் இன்னும் நாலு ஊருக்குப் பரவும்; மிரண்ட நிலையில் வைரஸை அதிகமாக வெளியேற்றும் என்றே விஞ்ஞானிகள் அஞ்சுகிறார்கள். மரத்தடியில் விளையாடாமல் இருந்தால் போதும். கிணற்றில் வவ்வால் இருந்தால் வலை போட்டு மூடுங்கள்.

தொடர்பில் இருந்ததை ஏன் மறைக்கிறார்கள்? செமஸ்டர் பரீட்சை போய்விடும், வேலை போய்விடும், அக்கா கல்யாணம் நின்றுவிடும், ஊரே நம்மை ஒதுக்கிவிடும். இந்தப் பயங்கள் எதுவும் கற்பனை இல்லை. 21 நாள் ஒரு அறையில் தனியே இருப்பது இளம் வயதில் சாதாரணமில்லை. 2020-ல் பொதுமுடக்கம் தொடங்கிய மார்ச் 25 முதல் கேரளத்தில் 18 வயதுக்குட்பட்ட 66 பேர் உயிரை மாய்த்துக்கொண்டதாக அந்த ஜூலையில் முதலமைச்சர் பினராயி விஜயன் சொன்னார். அதன்பிறகு கேரளக் காவல்துறை பிள்ளைகள் பேசுவதற்கென்றே ‘சிரி’ என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கியது. மனது கனத்தால் எந்த மாநிலத்திலிருந்தும் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் பேசலாம். தனிமையில் இருக்கிற நண்பனுக்குத் தினமும் ஒரு போன் போடுவது, நோட்ஸ் போட்டோ எடுத்து அனுப்புவது, வீட்டு வாசலில் அரிசி வைத்துவிட்டு வருவது: இவையெல்லாம் சேர்ந்துதான் ஒருவரை உண்மை சொல்ல வைக்கும். பரீட்சையைத் தள்ளிவைத்து எழுத வழி செய்வோம் என்று கல்லூரிகள் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். நோய் வந்த பிறகு சொல்வதில் பயனில்லை.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் பயமுறுத்துவது நம் விடுதிகளில் நல்ல எண்ணத்தோடு நடக்கிற ஒரு வழக்கம். பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால், “வீட்டுக்குப் போய் அம்மா கையால கஞ்சி குடிச்சிட்டு வா” என்று வார்டன் பஸ் ஏற்றிவிடுகிறார். பிள்ளையும் கோவையிலிருந்து பாலக்காட்டுக்கோ, தேனியிலிருந்து குமுளிக்கோ, கூட்ட பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போய்ச் சேர்கிறது. வீட்டிலிருந்து விடுதிக்கும் அப்படியே: காய்ச்சல் முழுசாக விடாமலே, அட்டென்டன்ஸ் போகிறதென்று திருப்பி அனுப்புகிறார்கள். வழியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று எந்த ரூட் மேப்பும் சொல்ல முடியாது. ஜூன், ஜூலையில் கல்லூரிகள் திறக்கிற நேரமும் நிபா தலைகாட்டுகிற நேரமும் ஒன்றாகவே வருகின்றன. வார்டன்களே, அந்த மாதங்களில் காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பஸ் ஏற்றாதீர்கள். தனி அறை ஒன்றை ஒதுக்கி அங்கேயே வைத்து, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுங்கள். பெற்றோரே, “உடம்பு சரியில்லையா, உடனே கிளம்பி வா” என்று போனில் சொல்லாதீர்கள். நீங்கள் புறப்பட்டுப் போய்ப் பாருங்கள். மாணவர்களே, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: கடந்த மூன்று வாரத்தில் எந்த மாவட்டத்துக்குப் போனேன், எந்த ஜீப்பில், எந்தப் பஸ்ஸில் வந்தேன், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் இருந்தது, எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். போனிலேயே குறித்துவைத்தால் நினைவு தப்பாது.